தட்டின் விளிம்பில் ஓர் ஒட்டு

மான்செஸ்டர்

அன்புள்ள பாண்டி,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடாதது தப்புதான். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. செல்லையா அண்ணன் போனில் சொன்ன சேதியால்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன மாதம் பழைய சாமான் கடையில் ஒரு நீலத் தட்டு வாங்கினேன். ஸ்போட் என்ற இங்கிலாந்துப் பாத்திரக் கம்பெனியின் 'இத்தாலியன்' சித்திரம்; 1816-இல் வந்தது, இன்றும் விற்கிறது. நம் ஊரில் இதையும் பீங்கான் என்றுதான் சொல்வோம். உண்மையில் இது சுட்ட வெள்ளை மண்பாண்டம். ஆற்றங்கரையில் இடிந்த ரோமானியக் கட்டடம், மேய்ப்பவர்கள், தூரத்தில் கோட்டை. இப்படி ஓர் இடம் இத்தாலியில் எங்குமே இல்லை! வீடுகள் ரோமுக்கு வடக்கே இருப்பவை போல, கோட்டை வட இத்தாலிப் பாணி. சுற்றிலும் இத்தாலிக்குச் சம்பந்தமே இல்லாத இமாரி என்ற ஜப்பானியப் பாணிப் பூவேலை. ஆனாலும் பார்க்கப் பார்க்க அந்த ஆற்றங்கரையில் போய் உட்காரத் தோன்றுகிறது.

விளிம்பைத் திருப்பிப் பார்த்தபோது ஓரிடத்தில் பூவின் பாதி இதழ் அறுந்து, அடுத்த இலை அதன்மேல் ஏறி நின்றது. அச்சகக்காரன் நீயாக இருந்தால், அச்சு ஒன்றோடொன்று பொருந்தாமல் தள்ளிப் போனதைப் பார்த்து, "ரிஜிஸ்டர் விலகிடுச்சு!" என்று கத்தியிருப்பாய். எனக்கு உன் குரலே கேட்டது.

போன வாரம் ரயிலேறி, ஸ்போட் தொழிற்சாலை இருந்த ஸ்டோக் ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். செதுக்கிய செப்புத் தகட்டைச் சூடாக்கி, நீல நிறம் தரும் கோபால்ட் கலந்த எண்ணெய் மையைத் தேய்த்து, மெல்லிய காகிதத்தில் அச்செடுப்பார்கள். ஒரு பெண் அதைக் கத்தரித்துக் கொடுக்க, இன்னொருத்தி மை பக்கம் தட்டில் படும்படி ஒட்டி, விறைப்பான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பாள். பிறகு காகிதத்தைத் தண்ணீரில் கழுவி எடுத்துவிட்டால் நீலம் மட்டும் மண்ணில் தங்கும். எண்ணெய் போக ஒரு தரம் சுட்டு, அதன் மேல் கண்ணாடிப் பூச்சு பூசி மறுபடி சூளை. நேர்க் காகிதத்தை வட்ட விளிம்பில் வளைத்து ஒட்டினால் எங்காவது ஓர் ஒட்டு தெரியத்தானே செய்யும்? நான் பார்த்த அறுந்த இதழ் அப்படி வந்ததுதான். யாரோ ஒருத்தியின் விரல் அங்கே நின்றிருக்கிறது, பாண்டி.

அந்தப் பழைய தொழிற்சாலை 2008-இல் மூடப்பட்டது. மறு வருடம் பெயரையும் சித்திரங்களையும் வேறு கம்பெனி வாங்கிக்கொண்டது. ஆனால் செப்புத் தகடுகளை எடைக்குப் போடவில்லை. ஆயிரக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது செல்லையா அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அச்சகத்தை நீ விற்கப் போகிறாயாமே. இயந்திரங்களை விற்றுக்கொள், கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பின்கட்டில் அப்பா அடுக்கி வைத்திருக்கிறாரே, படம் வரைந்து அச்செடுக்கிற அந்த லித்தோ கற்களை மட்டும் கொடுத்துவிடாதே. மயில்மேல் முருகன் இருக்கிற கல்லின் மூலையில் அவர் பென்சிலால் எழுதிய தேதி இன்னும் இருக்கிறதா? அழிந்திருந்தாலும் பரவாயில்லை, வைத்திரு. இடம்தான் பிரச்சினை என்றால் எங்கள் ஊர் வீட்டு மச்சு காலியாகக் கிடக்கிறது. சாவி அத்தையிடம் இருக்கிறது. வண்டிக் கூலி நான் அனுப்புகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் செய்.

உன்,
மாணிக்கம்