அன்னாசியில பால ஊத்தச் சொன்னது யாருங்க?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

உங்க கோடை ஸ்பெஷல்ல வீட்டிலேயே ஃப்ரெஷ் ஃப்ரூட் சாலட்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்கள்ல, அதப் பத்தித்தான் எழுதுறேன். நான் திண்டுக்கல்காரன், கவர்மெண்ட் பஸ்ல 31 வருஷம் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். அதுக்கப்புறம்தான் அடுப்படிப் பக்கமே போனேன். இப்ப காய் நறுக்குறது, சட்னி அரைக்கிறது, லீவுக்கு பேரப்புள்ளைக வந்தா ஏதாச்சும் ஸ்வீட் பண்றதுன்னு ஒரு மாதிரி ஓடுது. வீட்டம்மா சிரிக்கத்தான் செய்வா, ஆனா பண்ணுனத சாப்டுட்டுத்தான் சிரிப்பா.

போன ஞாயித்துக்கிழமை மக வீட்டு ஆளுக, தங்கச்சி வீட்டு ஆளுகன்னு எல்லாரும் வந்திருந்தாங்க. முந்தின நாள் ராத்திரியே நீங்க போட்டிருந்த மாதிரி அன்னாசி ஒரு கப்பு, பப்பாளி ஒரு கப்பு, மாம்பழம், ஆப்பிள், கருப்பு திராட்சை எல்லாத்தையும் நறுக்கி, காய்ச்சி ஆறவச்ச பால் அரை லிட்டர் ஊத்தி, சக்கரைய போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டேன், "இரவு முழுவதும் ஊறினால் சுவை கூடும்"னு எழுதியிருந்தீங்கல்ல. அன்னைக்கு ராத்திரியே வீட்டம்மா, ஏங்க அன்னாசியில பால ஊத்துனா கசக்கும்னு எங்கம்மா சொல்லும்னு சொன்னா. புஸ்தகத்துலயே போட்டிருக்கான், உங்கம்மாவுக்கு என்ன தெரியும்னு நான் பெருசா பேசிட்டேன். காலையில திறந்து பாத்தா பாலு திரிதிரியா பிரிஞ்சு நிக்குது, ஆப்பிள் பழுப்பு கலராகிக் கெடக்குது, ஒரு ஸ்பூன் வாயில வச்சா கசாயம் மாதிரி அப்படி ஒரு கசப்பு. அன்னைக்கு எங்க வீட்ல நான் பட்ட பாட்ட இங்க எழுதினா உங்களுக்குப் பக்கம் பத்தாது.

மருமகன் பால் பண்ணையில வேலை பாக்குறாப்ல, அவர்ட்ட கேட்டேன். மாமா, பச்சை அன்னாசியில, அதாவது சூடு பண்ணாத அன்னாசியில, ப்ரோமிலைன்னு ஒரு என்சைம் இருக்கு, அது பால்ல உள்ள புரோட்டீன துண்டு துண்டா வெட்டி விட்டுரும், அப்படி வெட்டுப்பட்ட துண்டுகதான் கசக்குது, நேரம் ஆக ஆக கசப்பு ஏறும், நீங்க வேற ராத்திரி பூரா வச்சிருக்கீங்கன்னாப்ல. பப்பாளிலயும் பப்பைன்னு இதே சோலி பாக்குற ஒண்ணு இருக்காம், காயிலதான் அதிகம், பழுத்ததுல கம்மி. ஆனா சூடு பண்ணிட்டா இந்த என்சைம் செத்துப்போகும், டின்ல அடைச்சு வர்ற அன்னாசி ஏற்கனவே சூடு பண்ணுனது, அதனால அதுல பால் சேத்தா ஒண்ணும் ஆகாதுன்னு அவர் சொன்னப்பதான் எனக்கு வெளங்குச்சு. உங்களுக்கு அத எழுதிக் குடுத்தவங்க டின் அன்னாசிக்குப் போட்ட பழைய ரெசிப்பிய எடுத்து, டின்னுங்கிற வார்த்தைய மட்டும் அடிச்சிட்டு 'ஃப்ரெஷ்'னு மேல எழுதியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். பண்ணிப் பாத்திருந்தா போட்டிருக்க மாட்டாங்க. என் கோவம் அதுல மட்டுந்தான்.

இன்னொன்னும் சொல்லணும். அந்தப் பக்கத்துல கிவி, ஸ்ட்ராபெர்ரி, ப்ளூபெர்ரின்னு எல்லாம் படம் போட்டு அழகா இருந்துச்சு, ஆனா அத வாங்கப் போனா எங்க ஊர்ல பெரிய கடைக்குத்தான் போகணும், சின்ன டப்பா விலைய கேட்டா மயக்கம் வரும். சித்திரை வைகாசியில எங்க ஊர்ல இல்லாத பழமாங்க? நான் நத்தம் ரூட்ல ஓடுனப்ப மே மாசம் பஸ்ஸுக்குள்ள ஏறுனாலே மாம்பழ வாசம் மூக்கத் துளைக்கும், கூடை கூடையா செந்தூரம், கல்லாமை, காசா, இமாம்பசந்துன்னு ஏத்துவாங்க. கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடுறதுக்குள்ள ஒரு பழத்த கையில திணிச்சிருவாங்க, அத வாங்கிக்கிட்டு டிக்கெட்டும் போட்டா அவங்களுக்கு வருத்தம், போடாட்டி செக்கிங்ல எனக்கு ஆப்பு. சிறுமலை ரூட்ல போனா 18 கொண்டை ஊசி வளைவும் எறங்கி வர்ற வரைக்கும் மேல பலாப்பழமும் வாழைத்தாரும் உருளாம இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டே வருவேன்.

நான் இப்ப பண்ற சாலட் அந்தப் பழங்கள வச்சுத்தான். ஆறு பேருக்கு நல்லா பழுத்த செந்தூரம் ரெண்டு, பலாச்சுளை பத்து, மலைப்பழம் நாலு, பப்பாளி கால் பழம், நுங்கு நாலு சுளை, ஒரு மாதுளை. அவ்வளவுதான், இதுக்கு மேல பழத்த கூட்டுனா எது எதுன்னே தெரியாது. மலைப்பழம்னா சிறுமலைப் பழம்தான், அத நான் விட்டுக் குடுக்க மாட்டேன். மத்த வாழைப்பழம் நறுக்கிப் போட்டா கொஞ்ச நேரத்துல கொழகொழன்னு ஆகி மொத்தக் கிண்ணத்தையும் கெடுத்துரும், இந்தப் பழத்துல தண்ணிச் சத்து கம்மி, தோல் கறுத்துப் போனாலும் உள்ள கெட்டியா இருக்கும், ஒரு புளிப்பும் இருக்கும். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் விருப்பாச்சி, சிறுமலை மலைப்பழத்த தேடுறது சும்மா இல்ல. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, ஒரு சொட்டு தண்ணி ஊத்தாமப் பண்றது, யோசிச்சுப் பாத்தா அதுவும் நம்ம ஊரு ஃப்ரூட் சாலட்டுதான? மலையில இந்த வாழைய முடிக்கொத்து நோய் வந்து பெரிய அளவுல அழிச்சிருச்சு, அதனால கெடைக்கிறப்ப வாங்கிக்கிறது நல்லது.

மொதல்ல பழத்த முழுசா கழுவணும், நறுக்குனப்புறம் கழுவுறது வேஸ்ட். தோல்ல இருக்கிற அழுக்கு கத்தியோட உள்ள போயிரும்னு பாதிப் பேருக்குத் தெரியல, தர்பூசணியவும் கிர்ணியவும் தோலத்தான் சாப்புடப் போறதில்லையேன்னு அப்படியே வெட்டுறாங்க. அப்புறம் நறுக்குறதுல ஒரு வரிசை இருக்கு. மாதுளைய உதுத்து வச்சிரலாம், அதுக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்து பலா, பப்பாளி, மாம்பழம், வாழைப்பழத்த மட்டும் ஆளுக வந்து உக்காந்ததுக்கப்புறம் நறுக்கணும், நறுக்குன உடனே அரை மூடி எலுமிச்சம்பழத்த புழிஞ்சு பெரட்டிட்டா கறுக்காது. அந்தப் புளிப்பு பழத்த கறுக்க வைக்கிற என்சைம அமுக்கிருதாம், இதுவும் மருமகன் சொன்னதுதான். நுங்க நகத்தால தோலுரிச்சு கடைசியா மேல போடுங்க, கலக்கிவிட்டா ஒடஞ்சிரும்.

சக்கரை போடவே வேணாம். பழத்துமேல சக்கரைய போட்டு வச்சா பழத்துல இருக்கிற தண்ணியெல்லாம் வெளிய இழுத்துரும், அரைமணி நேரத்துல அடியில பாதிக் கிண்ணம் தண்ணிதான் நிக்கும், பழம் சக்கையா மெதக்கும். தேன் ரெண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய் ஒண்ணத் தட்டிப் போட்டது, இத சாப்புடுறப்பதான் சேக்கணும். வெள்ளோடு பக்கம் பன்னீர் திராட்சை கெடைக்கும், அத அப்படியே போட்டா கொட்டையும் தோலும் வாயில நிக்கும், அதனால நான் ஒரு கை திராட்சைய கசக்கி வடிகட்டி அந்தச் சாற மேல ஊத்திருவேன், கலரும் வாசமும் பாக்கணுமே! தர்பூசணிய இதுல சேக்காதீங்க, அது விடுற தண்ணியில மத்த எல்லாம் நீச்சலடிக்கும், தனியா சாப்டுங்க. தர்பூசணின்னதும் நெனப்பு வருது, 2025 கோடையில ஊசி போட்டு செவப்பாக்குறாங்கன்னு ஒரு பேச்சு கெளம்பி வாங்க ஆளில்லாம வெவசாயிக தோட்டத்துலயே பழத்த விட்ட கொடுமைய பாத்தோம், அதோட செவப்பு லைகோபீன்னு இயற்கையா இருக்கிறது, பஞ்ச வச்சு தொடச்சா கொஞ்சம் ஒட்டத்தான செய்யும்.

மாம்பழத்துல கவனமா இருக்க வேண்டியது கார்பைட் கல்லுக்குத்தான். அது சட்டப்படியே தடை, அதுல ஆர்செனிக் எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். எத்திலீன் கேஸ் வச்சு அளவோட பழுக்க வைக்க அனுமதி உண்டு. வெளிய ஒரே மஞ்சளா பளபளன்னு இருந்து காம்புல வாசமே இல்லன்னா நான் வாங்குறதில்ல, செங்காயா வாங்கியாந்து அரிசிப் பானையில நாலு நாள் போட்டா தானா பழுத்துட்டுப் போகுது. அவசரப்பட்டா எப்படி?

ஃப்ரூட் சாலட்டுன்னா கஸ்டர்ட் இல்லாமலான்னு தங்கச்சி கேட்டா. போட்டுக்கட்டும், கல்யாணப் பந்தியில ஐஸ்க்ரீம் வச்சுத்தான தர்றாங்க, ஆனா கஸ்டர்ட் பவுடர்ங்கிறது சோளமாவு, கலர், வாசனை, அம்புட்டுத்தான், அதுல முங்கினா இமாம்பசந்தும் ஒண்ணுதான் பூசணிக்காயும் ஒண்ணுதான். பாலோ கஸ்டர்டோ வேணும்னா அன்னாசிய விட்ருங்க, இல்ல அன்னாசி வேணும்னா சக்கரைத் தண்ணியில ஒரு கொதி விட்டு ஆறவச்சுப் போடுங்க. எனக்கு சுகர் இருக்கு, அதனால எல்லாத்துக்கும் வச்சிட்டு கடைசியா ஒரு சின்னக் கிண்ணம், அதுவும் வீட்டம்மா அளந்து குடுக்குறதுதான். நறுக்குன சாலட்ட வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, மீந்தா ஃப்ரிட்ஜ்ல வச்சு அன்னைக்கே முடிச்சிருங்க, மறுநாளுக்குன்னு ஊற வைக்கிறதுக்கு இது ஊறுகா இல்ல.

அடுத்த இதழ்ல ரெண்டு வரி போட்டீங்கன்னா போதும், பச்சை அன்னாசியில பால் ஊத்தி ராத்திரி பூரா வைக்க வேண்டாம்னு. என்னைய மாதிரி எத்தன பேரு அத நம்பி பண்ணியிருப்பாங்களோ தெரியல, அவங்க வீட்லயும் மாமியார் சொல்லுதான் ஜெயிச்சிருக்கும்.

இப்படிக்கு,
ரிட்டையர்டு கண்டக்டர் ஒருத்தர்,
திண்டுக்கல்

பி.கு.: ஆறு பேருக்குன்னு போட்டிருந்தீங்க, நீங்க சொன்ன அளவுக்கு நறுக்குனா பதினோரு பேருக்கு வருது. அதையும் ஒரு தடவ பாத்துக்கங்க.