டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இரண்டு நாள் கொடுங்கள்

வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரர்களுக்கும் சைட் இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் 22 வருடங்களாக பிளம்பிங் வேலை செய்கிறேன். முதல் பத்து வருடம் பெரும்பாலும் புது வீடுகளுக்குக் குழாய் போட்டேன். இப்போது பாதி நாள் பழுது பார்ப்பதிலேயே போய்விடுகிறது. பழுது என்றதும் பழைய வீடுகள் என்று நினைப்பீர்கள். இல்லை. கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டு, மூன்று வருடம்கூட ஆகாத வீடுகளிலிருந்துதான் எனக்கு அதிகமாகப் போன் வருகிறது. சுவரை மூடுவதற்கு முன் குழாயை அழுத்தம் ஏற்றிச் சோதித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கணவன், மனைவி இரண்டு பேருமே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஓய்வின்போது வந்த பணத்தைப் போட்டுக் கட்டிய வீடு. பாத்ரூமை ஒட்டிய ஹால் சுவரில் பெயிண்ட் பொரிந்து, உப்புப் பூத்து, கைவைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது. அதற்குள் மூன்று தடவை பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வாட்டர்புரூஃப் கோட்டிங்கும் அடித்தாயிற்று. மழைக்காலம் முடிந்தால் சரியாகிவிடும் என்று கட்டிக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். சித்திரை வெயிலிலும் சுவர் காயவில்லை.

பாத்ரூம் லைனை அடைத்து, அழுத்தம் காட்டும் மீட்டர் மாட்டி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் லைனில் முள் அசையவில்லை. வெந்நீர் லைனில் கண்ணெதிரே இறங்கியது. ஒன்பது டைல்ஸ் உடைத்த பிறகு ஆள் அகப்பட்டது. கீசரிலிருந்து ஷவருக்குப் போகும் லைனில் ஒரு எல்போ, அதாவது பைப் திரும்பும் இடத்தில் போடும் வளைவுத் துண்டு. பைப்பைச் சாய்வாக வெட்டியிருந்தார்கள், அதனால் ஒரு பக்கம் முழுதாக உள்ளே உட்காரவே இல்லை. ஒட்டுகிற சொல்யூஷனும் பாதி வட்டத்துக்குத்தான் தடவியிருந்தது. சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்திருக்கிறது. ஆனால் விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் தினமும் 4 லிட்டருக்கு மேல். வருடத்துக்கு 1,500 லிட்டர் தண்ணீரை அந்தச் செங்கல் சுவர் குடித்திருக்கிறது.

உளியை எடுத்ததும் அந்த அம்மா கேட்டார், “தம்பி, இந்த டிசைன் இப்ப கடையில வர்றதில்லையாம். உடையாம எடுக்க முடியுங்களா?” ஒட்டிய டைல் உடையாமல் வராது. அதை அவரிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஜாயின்ட்டைப் போட்ட பையனை நான் குறை சொல்லவில்லை. பாயின்ட்டுக்கு இவ்வளவு, பாத்ரூமுக்கு இவ்வளவு என்று பேசித்தான் அவனை வேலைக்கு விடுகிறோம். எத்தனை பாத்ரூம் முடிக்கிறானோ அவ்வளவுதான் அவனுக்குக் காசு. அவன் பைப்பைச் சுவரில் வெட்டிய காடியில் வைக்கும்போதே பின்னால் கொத்தனார் கலவையோடு நிற்கிறார். வெட்டு நேராக இருக்கிறதா, பிசிர் எடுத்தானா என்று யாரும் கேட்பதில்லை. நானும் அப்படித்தான் வேலை செய்தேன். என் முதல் ஐந்து வருடத்தில் அழுத்தச் சோதனை செய்து மூடிய பாத்ரூம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சுவர்களுக்குள் என் கையால் போட்ட மோசமான ஜாயின்ட் எத்தனை இருக்கிறதோ என்று இப்போதும் மனதை அறுக்கும்.

நாம் சொல்யூஷன், பசை என்று சொல்கிறோமே, அந்த சால்வென்ட் சிமென்ட் உண்மையில் பசை கிடையாது. அது பைப்பின் வெளித்தோலையும் ஃபிட்டிங்கின் (எல்போ மாதிரி இணைப்புத் துண்டின்) உள்தோலையும் கரைத்து இளக்கிவிடும். இளகிய இரண்டும் ஒன்றோடொன்று கலந்து இறுகினால்தான் ஜாயின்ட். அதாவது இது ஒரு வெல்டிங். இளகாத இடம் ஒட்டாது. தூசியோ ஈரமோ இருந்தால் அந்த இடத்தில் கலக்காது. அதனால்தான் நேராக வெட்டு, பிசிர் எடு, விளிம்பை லேசாகச் சரித்துவிடு, துணியால் துடை என்று சொல்கிறோம். பைப்பின் மேல் தாராளமாகவும் ஃபிட்டிங்குக்குள் மெல்லிசாகவும் முழு வட்டத்துக்குத் தடவ வேண்டும். கால் திருப்புத் திருப்பி உள்ளே தள்ளி, ஒரு அரை நிமிஷம் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிடிப்பைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஃபிட்டிங்கின் வாய் உள்ளே போகப் போகக் குறுகும்படி செய்திருப்பதால், கையை எடுத்தால் பைப் தானாகப் பின்னால் நழுவும்.

அப்புறம் சொல்யூஷன். சாதாரண பிவிசி பைப்புக்கு வாங்கியதையே வெந்நீர் தாங்கும் சிபிவிசி பைப்புக்கும் தடவுகிறார்கள். பச்சைத் தண்ணீரில் அது தாக்குப்பிடிக்கும், வெந்நீர் ஓட ஆரம்பித்ததும் விட்டுவிடும். டப்பாவைத் திறந்துபோட்டு, ஜெல்லி மாதிரி கெட்டியானதில் தின்னர் ஊற்றிக் கலக்குவதையும் பார்க்கிறேன். ஒரு டப்பா சொல்யூஷனை மிச்சம் பிடிக்கப் போய்ப் பாத்ரூம் சுவரையே உடைக்க வேண்டி வருகிறது. இரண்டு பைப்பை நேராக இணைக்கும் கப்ளர் இல்லை என்று பைப் முனையை நெருப்பில் காட்டி விரித்துச் சொருகுவதும் இதே ரகம்தான். விரிந்த இடத்தில் பைப்பின் கனம் குறைந்துபோகும்.

மரை போட்ட இடங்களில் வேறு தவறு. எஃப்.டி.ஏ. என்கிற உள்மரை போட்ட பிளாஸ்டிக் ஃபிட்டிங்குக்குள் ஜி.ஐ. நிப்பிளை (மரை போட்ட சின்ன இரும்புக் குழாயை) வைத்து, டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, பைப் ரென்ச்சால் முழுப் பலத்தோடு முறுக்குகிறார்கள். மரை கூம்பாக இருப்பதால் முறுக்க முறுக்க வாயைப் பிளக்கும். அன்றைக்கே உடைந்தால் நல்லது. மயிரிழை விரிசலாக நின்றால் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். சுவருக்குள் போகும் குழாய் வாய்களுக்குப் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங் போடுங்கள். விலை கூடத்தான். அந்த ஒரு இடத்தில் கணக்குப் பார்க்காதீர்கள்.

“நாங்களும் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தோமே, ஒழுகவில்லையே” என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கே அழுத்தம் சதுர செ.மீ.க்கு 1 கிலோதான். மாடி வீட்டில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வரும்போதே அவ்வளவுகூட இருக்காது. அந்த அழுத்தத்தில், சொல்யூஷனே தடவாமல் இறுக்கமாகச் சொருகிவைத்த ஜாயின்ட்கூடச் சில மாதம் நிற்கும். நான் உடைத்துப் பார்த்த வீடுகளில் அப்படி இருந்திருக்கிறது. குடிவந்தவர்கள் ஷவருக்கு வேகம் போதவில்லை என்று பிரஷர் பம்ப் வைப்பார்கள். கீசர் போடுவார்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாயைப் பட்டென்று மூடும்போது ஓடிவந்த தண்ணீர் பைப்புக்குள் மோதும். அன்றைக்குத்தான் அந்த ஜாயின்ட் வாயைத் திறக்கும். பைப்பில் குறை இல்லை. ஐ.எஸ். 15778 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எஸ்.டி.ஆர். 11 (வெளிவிட்டம் பைப்பின் கனத்தைப் போல் 11 மடங்கு) சிபிவிசி பைப் 82 டிகிரி வெந்நீரிலும் சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தம் தாங்கும்.

நான் இப்போது செய்யும் சோதனையைச் சொல்கிறேன். ஜாயின்ட் போட்டு முடித்ததும் ஒரு நாள் தொடாமல் விடுவேன். அவசரம் என்றாலும், சொல்யூஷன் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குக் குறைவாக விடமாட்டேன். எல்லா வாயையும் டம்மி போட்டு அடைத்து, வெந்நீர் லைனையும் பச்சைத் தண்ணீர் லைனையும் ஒரு ஹோஸால் இணைப்பேன். மேலே ஷவர் வாயைக் கொஞ்சம் தளர்த்தி, காற்று முழுவதும் வெளியேறும்வரை மெதுவாகத் தண்ணீர் நிரப்புவேன். பிறகு கைப்பம்பால் 10 கிலோவரை ஏற்றி, வால்வை மூடி, மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்வேன். சாயங்காலம் ஏற்றினால் காலையில் வந்து பார்ப்பேன். இரவுக் குளிருக்கு முள் ஒரு மயிரிழை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். அந்த நேரத்தில் ஒரு எல்போவை வெட்டி மாற்ற அரை மணி நேரம் போதும். கம்ப்ரஸர் வைத்துக் காற்றால் மட்டும் சோதிக்காதீர்கள். பிளாஸ்டிக் பைப் காற்றழுத்தத்தில் வெடித்தால் சில்லு சில்லாகப் பறக்கும், ஆளைக் கிழித்துவிடும்.

சோதனை முடிந்ததும் தண்ணீரை இறக்கிவிடாதீர்கள். பூச்சு வேலையும் டைல்ஸ் வேலையும் நடக்கும்போது அழுத்தம் லைனிலேயே இருக்கட்டும். கொத்தனார் தெரியாமல் ஆணியை இறக்கினால் மீட்டர் அந்த நிமிஷமே சொல்லிவிடும். யார் மேல் தப்பு என்று பின்னால் சண்டை போட வேண்டியதில்லை. சுவரை மூடுவதற்கு முன் அளவு டேப்பை விரித்துவைத்து, பைப் போகும் பாதையைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். இந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு ஒரு லைன், உப்புத் தண்ணீருக்கு ஒரு லைன், வெந்நீருக்கு ஒரு லைன் என்று ஒரே சுவரில் மூன்று பைப் ஓடுகிறது. கண்ணாடி மாட்ட டிரில் போடுகிறவர் எதை நம்பிப் போடுவார்?

நீங்கள் பொறுமை இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி நாள் கணக்கில் காத்திருக்கிறீர்கள். சென்ட்ரிங் பிரிக்க வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் மறுத்துவிடுகிறீர்கள். அந்தப் பொறுமையில் இரண்டு நாள் குழாய்க்கும் ஒதுக்குங்கள். ஒன்று ஜாயின்ட் இறுக, ஒன்று சோதிக்க.

இதை வெறும் வேண்டுகோளாக விட்டால் நடக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒப்பந்தப் பத்திரத்திலேயே ஒரு வரி சேருங்கள். பேஸ்மென்ட், லின்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகத் தவணை வாங்குகிறீர்களே, அதில் பூச்சுக்கான தவணையைக் குழாய்ச் சோதனை முடிந்து வீட்டுக்காரர் மீட்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாங்குவோம் என்று எழுதுங்கள். சோதனைக்கு ஆகும் நாளைக் கூலியோடு சேர்த்து பிளம்பருக்குக் கொடுங்கள். பாயின்ட் ரேட்டில் அதைத் திணித்தால் அவன் மீட்டரை மாட்டிப் போட்டோ எடுத்துவிட்டு அடுத்த சைட்டுக்கு ஓடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

வேலை தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஐ.டி.ஐ.யில் பிளம்பர் படிப்பு இருக்கிறது. ஒடிசாவின் கேந்திரபாடா பக்கத்திலிருந்து வந்து பெரிய அடுக்குமாடிகளில் வேலை செய்கிறவர்களோடு நான் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்களுக்கு இது இரண்டு, மூன்று தலைமுறைத் தொழில், கை அவ்வளவு சுத்தம். அவர்களையும் அவசரப்படுத்தினால் சோதிக்காமல் மூடிவிட்டுத்தான் போவார்கள்.

கைப்பம்பும் மீட்டரும் என்னிடம் இருக்கின்றன. கோவை சுற்றுவட்டாரத்தில் எந்த சைட்டில் கூப்பிட்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உங்கள் பையன்களுக்கு ஒரு பாத்ரூமில் சோதனை செய்து காட்டுகிறேன். அதற்குக் கூலி வேண்டாம். சுவரை மட்டும் அதுவரை மூடாமல் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
கோயம்புத்தூர்