முதல் வரிசையில் பெயர் வராதவர்கள்

இரங்கூன்,
நவம்பர் 2024

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமும், மருமகள், பேரன் நலமும் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. கரண்ட் வருவதும் போவதும் வழக்கம்போல்தான்.

நடிகர் டெல்லி கணேஷ் போய்விட்டார் என்று போனில் சொன்னபோது என் குரல் தழுதழுத்தது. "அப்பா, அவர் நமக்கு என்ன உறவா?" என்று கேட்டாய். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. கேட்டதில் தப்பில்லை, தம்பி. ஆனால் அதற்குப் பதில் போனில் சொல்லி முடிகிறதாக இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உறவுதான். எப்படி என்று சொல்கிறேன்.

எனக்கு விவரம் தெரிந்த வயதில் பெகுவைச் சுற்றி நமக்கு ஏகப்பட்ட சொந்தம். 1962-ல் பட்டாளத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடை கண்ணிகள் எல்லாம் அரசாங்கத்துக்குப் போயின. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறியது. பெரியப்பா போனார், சித்தி போனாள், கடைசியில் தாய்மாமாவும் போய்விட்டார். மாட்டையும் வயலையும் விட்டு வரமாட்டேன் என்று உன் தாத்தா மட்டும் இருந்துவிட்டார். உன் அத்தைக்குச் சடங்கு வைத்தபோது சீர் தூக்கி வரத் தாய்மாமன் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரை நிற்க வைத்துத்தான் முறை செய்தோம். உன் பாட்டி அன்று அழுத அழுகை எனக்கு மறக்காது.

தாய்மாமன் எப்படிக் கேலி பேசுவார், பெரியப்பா எப்படிக் கோபிப்பார், வீட்டுக்கு வந்த சம்பந்தி எப்படித் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்காருவார், இதெல்லாம் ஒரு பிள்ளை பார்த்துப் பழகுவது. எங்களுக்குப் பார்க்க ஆளில்லை. படத்தில்தான் பார்த்தோம். கதாநாயகனிடம் அது கிடைக்காது. அவர் பாடவும் சண்டை போடவும் வருகிறவர். வீட்டை வீடாக வைத்திருந்தவர்கள் அவருக்குப் பின்னால் நின்றவர்கள்.

உன் தாத்தாவுக்கு முதல் சொந்தம் எஸ்.வி.சகஸ்ரநாமம். 'பராசக்தி' 1952-ல் வந்த படம். கதையே நம் இரங்கூனில்தான் தொடங்குகிறது. அண்ணன் தம்பி மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள், தங்கைக்குக் கல்யாணம் மதுரையில். யுத்த நேரம், கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. கடைசித் தம்பி சிவாஜி மட்டும் கிளம்புகிறார். சிவாஜியின் முதல் படம் என்று ஊரே அதைக் கொண்டாடும். தாத்தா மட்டும் அந்தப் பெரிய அண்ணனைப் பற்றியே பேசுவார். 1941 டிசம்பரில் இரங்கூனில் குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கான நம் ஜனங்கள் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. படத்தில் சகஸ்ரநாமமும் அப்படி நடந்து போகிறவர். "அந்த மனுசன் முகத்துல நம்ம ஊரு தெரியுதுடா" என்பார் தாத்தா. சகஸ்ரநாமம் கோயம்புத்தூர்ப் பக்கம் சிங்காநல்லூர்க்காரர் என்று பின்னால் நான் படித்துச் சொன்னேன். தாத்தா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

சகஸ்ரநாமம் சிறு வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். என்.எஸ்.கிருஷ்ணன் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய நாடகக் குழுவைக் கலையவிடாமல் பார்த்துக்கொண்டவர். பிறகு சேவா ஸ்டேஜ் என்று சொந்தமாக ஒரு குழு தொடங்கி, தி.ஜானகிராமன், பி.எஸ்.ராமையா போன்ற எழுத்தாளர்களிடம் நாடகம் வாங்கி மேடையேற்றினார். சினிமாவில் சம்பாதித்ததை நாடகத்தில் போட்டவர். 1988-ல் காலமானார்.

எனக்கு வாய்த்த மாமா டி.எஸ்.பாலையா. பெகு பக்கம் நான் வீடியோ கொட்டகை வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது சின்னப் பையன். தாய்லாந்து எல்லையில் இருக்கிற மியாவடி வழியாகக் கேசட் வரும். காப்பியிலிருந்து காப்பி எடுத்து எடுத்துப் படம் மழை பெய்யும். அநேகக் கேசட்டில் பெயர் ஓடுகிற பகுதியே இருக்காது, இடம் மிச்சம் பிடிக்க வெட்டியிருப்பார்கள். பெரிய நடிகர்களை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் 'அந்தக் குண்டு அப்பா', 'அந்த மூக்குக்காரக் கிழவர்' என்றுதான் அறியப்பட்டார்கள். எனக்கு அது பொறுக்காது. யாரோ விட்டுப்போன பழைய 'பேசும் படம்' இதழ்களைச் சேர்த்து வைத்து, முகத்தையும் பெயரையும் பொருத்திப் பொருத்தித்தான் இவர்களைத் தெரிந்துகொண்டேன்.

'காதலிக்க நேரமில்லை' வந்ததும் அதே 1964-ல்தான். இங்கே கப்பல்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது அங்கே சென்னையில் ஜனங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது வெகுகாலம் கழித்து, கேசட்டில். மகன் நாகேஷ் அப்பா பாலையாவிடம் பேய்க் கதை சொல்கிற காட்சி. கதவு கிறீச்சிடுகிற சத்தம், காலடிச் சத்தம், அத்தனையும் நாகேஷ் செய்கிறார், எல்லோரும் நாகேஷைப் புகழ்கிறார்கள். புகழட்டும், அவர் மகா கலைஞர். ஆனால் நீ பாலையாவைப் பார். அந்தக் காட்சியில் அவருக்குப் பேச்சே கிடையாது என்று சொல்லிவிடலாம். கேட்கிறார், அவ்வளவுதான். முதலில் பிள்ளை என்னவோ உளறுகிறான் என்கிற பார்வை. பிறகு கொஞ்சம் ஆர்வம். பிறகு அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் சுருங்கத் தொடங்குகிறது, கண் அங்கும் இங்கும் போகிறது. பாலையா பயப்படவில்லை என்றால் நாகேஷ் எத்தனை சத்தம் போட்டும் அங்கே பேய் வராது. நம் கொட்டகைக்கு வந்த பர்மாக்காரர்களுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர்கள் அந்த இடத்தில் பாலையா முகத்தைப் பார்த்துத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரும்பப் போடு, திரும்பப் போடு என்று கேட்டார்கள். அந்தக் கேசட் அந்த இடத்தில்தான் முதலில் தேய்ந்தது.

எதிரில் இருப்பவர் சொல்வதை முகத்தால் வாங்கிக்கொள்வது. குணசித்திர நடிகருக்கு அதுதான் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

பாலையா சினிமாவுக்கு வந்தது 1936-ல், 'சதி லீலாவதி'யில். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். ஒருவர் எங்கே போனார் என்று உலகத்துக்குத் தெரியும். இன்னொருவர் வில்லனாக, சிரிப்பு மூட்டுகிறவராக, 'திருவிளையாட'லில் கர்வம் பிடித்த ஹேமநாத பாகவதராக, 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில்காரராக வந்துகொண்டே இருந்தார். அந்தத் தவிலை உண்மையில் வாசித்த கை வேறு. ஆனால் தோளின் அசைவும், நாகஸ்வரக்காரரை ஓரக்கண்ணால் பார்த்துத் தலையாட்டுகிற அந்த ரசனையும் பாலையாவுடையது. 1972-ல், அறுபது ஆவதற்குள் போய்விட்டார்.

தாத்தா முறைக்கு எஸ்.வி.ரங்காராவ். ஆந்திராவில் நூஜிவீடு ஊர்க்காரர். 'படிக்காத மேதை'யில் அவரைப் பார்த்தவர்கள் அவருக்கு எழுபது வயது என்று சத்தியம் செய்வார்கள். 1918-ல் பிறந்தவருக்கு 1960-ல் வயது நாற்பத்திரண்டு! வளர்த்த பிள்ளை வீட்டை விட்டுப் போன பிறகு 'எங்கிருந்தோ வந்தான்' என்ற பாரதி பாட்டு அவருக்கு வரும். குரல் சீர்காழியுடையது. அந்தப் பாட்டை என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. நீ பினாங்குக்குப் போன பிறகு சொல்லவே வேண்டாம். வி.கே.ராமசாமி இன்னும் விசேஷம். 'நாம் இருவர்' 1947-ல் வந்தபோது அவருக்கு இருபத்தொன்று, போட்ட வேஷம் கிழவர். 2002-ல் கண்ணை மூடும்வரை அவருடைய வாலிபத்தைத் திரையில் பார்த்தவர்கள் குறைவு.

எஸ்.வி.சுப்பையாவை உனக்குப் பெயர் சொன்னால் தெரியாது, முகம் தெரியும். கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'பாரதியாரை வரை' என்று சொன்னார்கள், நீ வரைந்துகொண்டு வந்தாய். வாத்தியார் பார்த்துவிட்டு, "இது சுப்பையா அல்லவா" என்றார். 'கப்பலோட்டிய தமிழன்' பார்த்துவிட்டு வரைந்திருக்கிறாய். நான் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அந்தப் படம் பார்த்த எத்தனையோ பேருக்குப் பாரதி என்றால் அந்த முகம்தான், அந்த நடைதான்.

இதை எழுதும்போது அம்மா பின்னால் வந்து படித்தாள். "ஆம்பளைங்கள மட்டுமே எழுதுறீங்களே, பண்டரிபாய் எங்கே?" என்றாள். நியாயமான கேள்வி. 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி பண்டரிபாய்தான். அதன்பின் கதாநாயகர்கள் கதாநாயகர்களாகவே இருந்தார்கள், அவர் மட்டும் அம்மாவாகிவிட்டார். நாற்பது வருஷம் கழித்து 'மன்ன'னில் ரஜினிகாந்துக்கு நோயாளித் தாயாக வந்தார். சினிமா பெண்களுக்குச் செய்த அநியாயம் அது என்று அம்மா சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த அம்மா வேஷங்களில் ஒன்றைக்கூட அவர் அலட்சியமாகச் செய்யவில்லை. 2003-ல் இறந்தார்.

இனி டெல்லி கணேஷ். தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில் 1944-ல் பிறந்தவர். பத்து வருஷம் விமானப் படையில் வேலை. டெல்லியில் நாடகம் போட்டதால் அந்த ஊர் பெயரோடு சேர்ந்துவிட்டது. பாலசந்தர் 'பட்டினப்பிரவேச'த்தில் கொண்டுவந்தபோது முப்பது தாண்டிவிட்டது. 'பசி'யில் ரிக்‌ஷாக்காரர், 'சிந்து பைரவி'யில் குடிப்பழக்கமுள்ள மிருதங்க வித்வான், 'நாயக'னில் வேலு நாயக்கர் பக்கத்தை விட்டு நகராத ஐயர். 'அபூர்வ சகோதரர்க'ளில் கொலைகார வில்லன். அடுத்த வருஷமே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுச் சமையல்காரராக வருகிறார். நீ அந்தப் பாலக்காட்டுப் பேச்சைப் பேசிக் காட்டி வீட்டையே சிரிக்க வைப்பாய். இரண்டும் ஒரே ஆள் என்று நான் சொன்னபோது நீ நம்பவில்லை. இரண்டு கேசட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன்.

'நாயக'னைத் திரும்பப் பார். கமல்ஹாசன் பேசும்போது கேமரா ஓரத்தில் டெல்லி கணேஷ் நிற்பார். ஒன்றும் செய்யமாட்டார். ஆனால் அந்த மனிதர் இத்தனை வருஷமாக அங்கேயே நிற்கிறார் என்று நமக்குத் தோன்றிவிடும். நாயக்கருக்குப் பாதி கம்பீரம் அவர் நிற்பதால்தான் வருகிறது.

போன மாதம் நீ எழுதியிருந்தாய், ஃபேக்டரியில் மற்றவர்கள் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள், என் பெயர் யாருக்கும் தெரியாது என்று. படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. சின்ன வயதில் கடைக்கு யார் வந்து குறை சொன்னாலும் நீ வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாய். எதிரில் இருப்பவர் அதிலேயே பாதி ஆறிவிடுவார். அந்த ஃபேக்டரியில் யாரோ ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியும்.

இப்போதைக்கு நீ இங்கே வரவேண்டாம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற சட்டம் வந்ததிலிருந்து உன் வயதுப் பையன்கள் வெளியே தலைகாட்டுவதில்லை. அம்மா உன்னைக் கேட்டு அழுதாலும் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு உதவி. உன் சிநேகிதனின் அக்கா தை மாதம் இங்கே வருவதாகச் சொன்னாய். ஒரு பென் டிரைவில் 'பசி', 'படிக்காத மேதை', 'காவல் தெய்வம்' மூன்றும் போட்டுக் கொடுத்துவிடு. 'காவல் தெய்வம்' சுப்பையா தானே தயாரித்த படம், ஜெயகாந்தன் கதை. கேசட்டில் பாதிதான் பார்த்திருக்கிறேன். பெயர் ஓடுகிற ஆரம்பத்தை வெட்டாத பிரதியாகப் பார்த்து எடு. அம்மாவுக்கு முழங்காலுக்குத் தடவுகிற தைலமும் இரண்டு பாட்டில் வேண்டுமாம். பேரனுக்குப் பாலையா பேய்க் கதை கேட்கிற காட்சியைப் போட்டுக் காட்டு. அவன் எந்த இடத்தில் சிரித்தான் என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
அப்பா