லார்சன் அதிர்ஷ்டசாலியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சுவீடன் கால்பந்து முன்கள வீரர்களைப் பற்றிய கட்டுரையில் ஸ்லாடன் இப்ராகிமோவிச்சுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஹென்ரிக் லார்சனுக்கு ஒரே வரி: ‘ஸ்காட்லாந்தின் சின்ன லீக்கில் கோல் குவித்து, பார்சிலோனாவில் மாற்று வீரராக இறங்கிக் கோப்பை வாங்கிய அதிர்ஷ்டசாலி.’ அந்த இறுதிப் போட்டியை எழுதியவர் பார்த்தாரா என்று நான் கேட்கப் போவதில்லை. நான் பார்த்தேன்.

2006 மே 17, பாரிஸ். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதி. நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் டிவியில் சத்தமே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பத்துப் பேரோடு ஆடிய இங்கிலாந்து கிளப் ஆர்சனல் 1-0 என்று முன்னிலை. பார்சிலோனாவுக்கு எதுவும் கூடிவரவில்லை. 61-வது நிமிடத்தில் லார்சன் இறங்கினார். 76-வது நிமிடத்தில் தன்னிடம் வந்த பந்தை அவர் நிறுத்தக்கூட இல்லை. காலால் லேசாகத் தொட்டு சக வீரர் எட்டோ ஓடும் பக்கம் திருப்பிவிட்டார், அவ்வளவுதான். கோல். சில நிமிடங்களில் பெலெட்டிக்கும் அவரே கொடுத்தார், கோப்பை வந்துவிட்டது. ரொனால்டினோ, எட்டோ பற்றியே கேட்காதீர்கள், லார்சனைப் பற்றிப் பேசுங்கள் என்று நிருபர்களிடம் சொன்னவர் தோற்ற அணியின் தியரி ஆன்ரி. அவருக்கும் கால்பந்து கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் அணியில் நான் வலது ஓரத்தில் ஆடியவன். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பந்து கொடுத்தவன் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பான். ஊர்க்காரர்கள் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். பத்திரிகையும் அதையே செய்யலாமா?

அப்புறம் அந்த ‘சின்ன லீக்’. 1997-ல் வெறும் ஆறரை லட்சம் பவுண்டுக்கு நெதர்லாந்தின் ஃபெயனூர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்கு வந்தவர். முதல் ஆட்டத்திலேயே பந்தை எதிரணிக்காரர் காலில் கொடுத்துவிட்டார், கோலும் விழுந்தது, செல்டிக் தோற்றது. ஆனால் அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. செல்டிக்கின் பரம எதிரி ரேஞ்சர்ஸ் தொடர்ந்து பத்தாவது முறை பட்டம் வெல்வது அன்றுதான் நின்றது. 1999-ல் லியோனில் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த கோடையில் ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2000-ல் ஆடினார். அதற்கடுத்த சீசனில் லீக்கில் மட்டும் 35 கோல், ஐரோப்பிய லீக்குகளில் கோல் குவிப்பவருக்குத் தரும் தங்கக் காலணி. செல்டிக்கில் மொத்தம் 313 ஆட்டம், 242 கோல். 2003-ல் செவில்லில் நடந்த யூஃபா கோப்பை இறுதியில் மொரின்யோ பயிற்சியளித்த போர்ட்டோவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டும் 3-2 என்று தோற்றார். அன்று அந்த அதிர்ஷ்டம் எங்கே போயிருந்ததோ! தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றவரை நாடே கெஞ்சிக் கூப்பிட, யூரோ 2004-க்குத் திரும்பி வந்து பல்கேரியாவுக்கு எதிராகப் பாய்ந்து தலையால் முட்டிய கோலையாவது யாராவது அந்தக் கட்டுரையாளருக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் உலகக் கோப்பை வந்தால்தான் கால்பந்துக்கு இடம். மற்ற நாளெல்லாம் கிரிக்கெட் வீரர்களின் சிகையலங்காரம். இதைப் பற்றி முன்பு எழுதிய என் கடிதத்தில் வணக்கத்தையும் நன்றியையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் இருந்ததை வெட்டி வெளியிட்டீர்கள். இடநெருக்கடி, புரிகிறது.

இப்போது கேட்பது சின்ன விஷயம்தான். லார்சன் என்று பெயர் போட்டு நீங்கள் அச்சிட்ட படத்தில் இருப்பவர் பெலெட்டி. அடுத்த இதழில் ஒரு ஓரத்தில் அதை மட்டும் திருத்திவிடுங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள், தெரியும். 242 என்ற எண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கோயம்புத்தூர்