ரப்பரும் பால்மரமும்

சுங்கை சிப்புட், மலேசியா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. படியேறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடு. இங்கே எல்லாரும் சுகம். நம் தோட்டத்தில் மிச்சமிருந்த பால்மர நிரைகளையும் போன மாதம் தள்ளிவிட்டார்கள். இனி அங்கேயும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான்.

உன் பேரன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பருக்கும் ரப்பர் மரத்துக்கும் ஏன் ஒரே பெயர்? மரத்தின் பெயர் அழிப்பானுக்கு வந்தது என்றுதான் யாரும் சொல்வோம். நடந்தது தலைகீழ். அழிப்பான் பெயர்தான் மரத்துக்குப் போனது.

ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய்ப்பது. 'ரப்பர்' என்றால் தேய்ப்பவர், தேய்க்கும் துணி, பிரஷ். மரத்துப் பால் இங்கிலாந்துக்கு வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் பென்சில் கோட்டை அழிக்க ரொட்டித் துணுக்கை உருட்டித்தான் தேய்ப்பார்களாம். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி படம் வரையும் முறை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பின்னாளில் ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டிய அதே பிரீஸ்ட்லிதான். பென்சில் கோட்டை அருமையாகத் துடைத்தெடுக்கும் ஒரு பொருளைப் பார்த்தேன், லண்டனில் நேர்ன் என்பவர் கடையில் விற்கிறது என்று அதில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அரை அங்குலக் கட்டி மூன்று ஷில்லிங். அன்றைக்கு அது பெரிய காசு. ஆனால் பல வருஷம் உழைக்குமாம்.

அப்படித் தேய்க்கப் பயன்பட்டதால் அந்த உறைந்த மரத்துப் பாலுக்கு ரப்பர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மழைக்கோட்டு, குழாய், டயர் என்று எத்தனையோ வந்தும் பெயர் மாறவே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வேறு மாதிரி. லா கொண்டமின் என்ற அறிஞர் 1736இல் தென்னமெரிக்காவிலிருந்து பாரிசுக்கு இந்தப் பொருளை அனுப்பியபோது, அந்த ஊர் மக்கள் சொன்ன பெயரும் கூடவே போனது. இன்றைக்கும் அவர்களுக்கு அது 'கவுச்சூக்'. உலகையே உருட்டுகிற ஒரு பொருளுக்கு எழுத்தை அழிக்கிற சின்ன வேலையை வைத்துப் பெயர் வைத்தது ஆங்கிலம்தான்.

இன்னொன்று கேள். முதலில் அதை வெறும் ரப்பர் என்று சொல்லவில்லை, 'இந்தியா ரப்பர்' என்றார்கள். நம் இந்தியா இல்லை. கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்த அந்த அமெரிக்கக் கரையைத்தான் அவர்கள் இண்டீஸ் என்றார்கள். இந்தியர் ஒருவர் கைகூடப் படாத காலத்தில் அதற்கு இந்தியா என்று பெயர். பிறகு நம் தாத்தா பாட்டிகள் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து அந்த மரத்திலேயே பால் வெட்டினார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மரம் இங்கே வந்த கதை உனக்குத் தெரியும். 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அதில் ஒன்பதை நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நட்டார்கள்.

ஆனால் நம் லயத்து வீடுகளில் யார் அதை ரப்பர் மரம் என்றார்கள்? பால்மரம், பால்வெட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால், எல்லாமே பால்தான். ரப்பர் என்றால் பள்ளிக்கூடப் பெட்டிக்குள் இருப்பது மட்டும். விடிவதற்கு முன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மர நிரையில் ஏறி, அம்மா கத்தியை வைத்துப் பட்டையை மயிரிழையாகச் சீவினால், கோட்டில் வெள்ளையாகப் பொடிப்பொடியாகத் துளிர்த்து, அப்புறம் ஒன்றாகச் சேர்ந்து மங்குக் கிண்ணத்துக்குள் இறங்கும். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பால் என்பதைத் தவிர வேறு சொல் வாய்க்குள் வராது. பொருளைச் சரியாகப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

மறுநாள் கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுத்து உருட்டி நாம் பென்சில் எழுத்தை அழிப்போமே, ஞாபகம் இருக்கிறதா? தாள் பழுப்பேறும், எழுத்தும் போகும். கரித்தூள் தாளைவிட அந்தப் பாலில்தான் நன்றாக ஒட்டும், அதனால்தான். பிரீஸ்ட்லி வியந்ததும் அதே காரியத்தைத்தான். பேரனிடம் இதைக் கட்டாயம் சொல். அவன் பெட்டியில் இருப்பது அநேகமாகப் பிளாஸ்டிக்காக இருக்கும். இப்போது அழிப்பான்களை வினைலில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். பெயரில் மட்டும் ரப்பர் இருக்கிறது.

நம் தோட்டத்துச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தோளில் வாளி தூக்கும் காண்டா, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, கணக்கெழுதும் கிராணி, வேலை மேற்பார்க்கும் தண்டல் எல்லாம் ஏறிவிட்டன. ஸ்டோரில் உன் அப்பா வேலை செய்தாரே, பால் உறையவைக்கும் தொட்டிக்கும், புகைக்கூண்டில் தொங்கப்போடும் கம்புக்கும் அவர்கள் என்ன பெயர் சொன்னார்கள்? உன் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும், கேட்டு எழுது. பள்ளி விடுமுறையில் பேரனையும் கூட்டிக்கொண்டு வா. கோலகங்சாரில் அந்தப் பழைய மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தீபாவளிக்கு முன்னாடியே வந்தால் நல்லது, அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி