கையெழுத்துப் போட்டவர் வீட்டைப் பார்த்தாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வீடு வாங்குகிறவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், கிணற்றுத் தண்ணீர், சுவர் வெடிப்பு, செப்டிக் டேங்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வரைக்கும் எழுதியிருந்தீர்கள், எல்லாமே தேவையானதுதான். ஆனால் வயரிங் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். வயரிங் தொழில், சூப்பர்வைசர் சான்று வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் எப்படி என்றால், வீடு கேரளாவில் இருக்கும், கரண்ட் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. கொடுக்கும், ஒயரும் சுவிட்சும் பொள்ளாச்சியில் வாங்கியிருப்பார்கள், வேலை செய்தவர் எல்லையில் இருக்கிற கோபாலபுரத்தையோ வேலந்தாவளத்தையோ தாண்டி வந்து போயிருப்பார். அதில் தப்பே கிடையாது, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அருமையான வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். செய்த வேலையை வேறொருவர் வந்து பார்ப்பதில்லை, எனக்குள்ள வருத்தம் அதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்து 2023இல் புதுப்பித்த பாதுகாப்பு விதிமுறைகள் இருக்கின்றன, அதற்கு முன்பு 1956ஆம் ஆண்டின் மின்சார விதிகள் இருந்தன. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலையை விட்டுவிட்டால், புதிய வயரிங் ஆகட்டும், இருக்கிற வயரிங்கில் சேர்ப்பது, மாற்றுவது ஆகட்டும், மாநில அரசின் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர் நேரில் மேற்பார்வை பார்க்க வேண்டும், ஒயரில் கை வைப்பவருக்கும் பெர்மிட் இருக்க வேண்டும். எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043 என்று தனித்தனியாக இந்தியத் தர விதிகள் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை வேலை நடக்கும் இடத்தில் கையில் வைத்திருந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நடப்பது என்ன? தெரிந்த பையன் ஒருவர் வீடு முழுக்க வயரிங் செய்வார். கனெக்‌ஷனுக்கு எழுதிப் போடும் நேரத்தில், லைசன்ஸ் உள்ள ஒருவரிடம் போய்ப் பணம் கொடுத்து, வயரிங்கைச் சோதித்தாயிற்று என்று சொல்லும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கி வருவார்கள். கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டுத் தெருவைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இன்சுலேஷன் (ஒயர் உறையின் காப்பு) எவ்வளவு, எர்த் எவ்வளவு என்ற கட்டங்களில் எண்களும் அழகாக எழுதியிருக்கும். இது எல்லாரும் செய்வதாக நான் சொல்லவில்லை, ஆனால் இரண்டு மாநிலத்திலும் இது ஊரறிந்த விஷயம், தொழிலில் இருக்கிற யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். எருத்தேம்பதிப் பக்கம், திருப்பூரில் உழைத்துச் சேர்த்த காசில் ஒரு குடும்பம் வாங்கிய பழைய வீடு. குடி வருவதற்கு முன்னால் ஃபேன் மாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். டி.பி. (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துவிடும் பெட்டி) மூடியைக் கழற்றினால் உள்ளே ஆர்.சி.சி.பி. (கரண்ட் எங்காவது கசிந்தால் தானே கட் ஆகும் சுவிட்ச்) இருக்கிறது, லீவரும் மேலே நிற்கிறது, ஆனால் மேலே வந்த இரண்டு ஒயரையும் கீழே போகிற ஒயரோடு நேராக முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். கரண்ட் அதன் வழியாகப் போகவே இல்லை! இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்து அது நிற்காமல் ட்ரிப் ஆனது என்று பழைய சொந்தக்காரர் சொன்னார். ஆகத்தான் செய்யும். இன்வெர்ட்டருக்கு ஃபேஸை (கரண்ட் வருகிற ஒயர்) ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே எடுத்துவிட்டு, இன்வெர்ட்டரில் எரியும் லைட்டுகளின் நியூட்ரலை (கரண்ட் திரும்புகிற ஒயர்) மட்டும் ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் உள்ள பொது நியூட்ரலில் சேர்த்தால், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாது, எங்கோ லீக் ஆகிறது என்று அது நினைத்துக் கட் ஆகும். இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரித்திருந்தால் முடிந்தது. அதைச் செய்யத் தெரியாமல், உயிரைக் காப்பாற்றுகிற ஒரே பொருளை ஓரம் கட்டிவிட்டார்கள்.

அப்புறம் சமையலறை பிளக்கைக் கழற்றினேன். எர்த்துக்கான பச்சை ஒயரே இல்லை. நியூட்ரல் பின்னிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் பின்னில் கொடுத்திருந்தார்கள். இதில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் எர்த் நன்றாக இருப்பது போலவே பல்பு எரியும், பார்க்கிறவர் நம்பிவிடுவார். ஆனால் என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஃபிரிட்ஜ் கதவு என்று அந்த பிளக்கில் மாட்டிய பொருளின் உலோகப் பாகம் எல்லாம் 230 வோல்ட் வந்து நிற்கும். இன்வெர்ட்டர் பிறகு வந்தது என்று வைத்துக்கொள்வோம், எர்த் ஒயர் இழுக்காமல் பைப்பைப் பூசி மூடியது வீடு கட்டும்போதே நடந்ததுதானே? அந்த வீட்டுக்கும் கையெழுத்தோடு டெஸ்ட் ரிப்போர்ட் இருந்திருக்கும், இல்லாமல் மீட்டர் வந்திருக்காது.

கேரளா என்றால் எங்கும் ஈரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழைமறைவுப் பிரதேசம். எர்த் குழி சித்திரையில் காய்ந்து கிடக்கும், எர்த்தின் தடை ஏறிவிடும், மழையில் அளந்த அளவு கோடையில் நிற்காது. ஒரு கணக்கைப் பாருங்கள். எர்த்தின் தடை 20 ஓம் இருக்கிறது, மோட்டார் பாடியில் ஃபேஸ் தொட்டுவிட்டது என்றால் 230ஐ 20ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் கட் ஆகும் சுவிட்ச்) அதற்கு அசையாது, மோட்டார் பாடி லைவாகவே நிற்கும், தொட்டவர் கதி என்ன? 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த இடத்தில் கண் இமைக்கும் நேரத்தில் கட் ஆகிவிடும். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும். அதையும் புதிய வீட்டில் மாட்டிவிட்டால் போதாது, ஐந்து வருடம், பத்து வருடம் கழித்து அது இன்னும் வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது?

வெளிநாட்டில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள் பத்திரம் முடிப்பதற்கு முன்னால் ஹோம் இன்ஸ்பெக்டர் ஒருவரை வைத்து வீட்டைப் பார்ப்பது வழக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் அவருக்கு அரசு உரிமம் கட்டாயம், கலிபோர்னியாவில் அப்படி ஓர் உரிமமே கிடையாது. ஆனால் கலிபோர்னியாவில் ஒரு நல்ல விதி இருக்கிறது: சோதித்துப் பார்த்தவரே அந்த வீட்டின் ரிப்பேர் வேலையை 12 மாதத்துக்குள் காசுக்குச் செய்யக் கூடாது. இல்லாத குறையைச் சொல்லி வேலை பிடிக்கிற ஆசையை அது அடைத்துவிடுகிறது. இங்கிலாந்தில் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, வாடகை வீட்டின் வயரிங்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும், அந்த அறிக்கையைக் குடியிருப்பவருக்கும் கொடுக்க வேண்டும். நம் ஊரில் வாடகைக்கு இருப்பவர் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது, ஒயர் எப்படி இருக்கிறது என்று எங்கே கேட்பது!

எங்கள் எல்லைப் பகுதியிலாவது இதைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வீடு கைமாறும்போதும், வாடகைக்கு விடும்போதும், அந்த வீட்டில் வயரிங் செய்யாத, சூப்பர்வைசர் சான்றுள்ள ஒருவர் வந்து பார்க்க வேண்டும். டி.பி.யைத் திறந்து போட்டோ எடுக்க வேண்டும், மெக்கர் என்ற 500 வோல்ட் சோதனைக் கருவியை வைத்து இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளக்க வேண்டும், எர்த்தை அளக்க வேண்டும், ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும், பிளக்குகளில் நாலைந்தையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். அளந்த எண்ணை அங்கேயே எழுதி, வீடு வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த வீட்டின் ரிப்பேர் வேலையைச் சோதித்தவர் எடுக்கக் கூடாது. இன்னொரு சான்று என்றால் இன்னொரு லஞ்சம் என்று சிலர் சொல்வார்கள், அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இதை எந்த அலுவலகத்தின் கவுன்டரிலும் கொண்டுபோய் மாட்டக் கூடாது என்கிறேன். சோதனைக்குக் காசு கொடுப்பவர் வீடு வாங்குகிறவர், ஆளைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே.

சான்று இல்லாத பையன்களை விரட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களில் பலருக்குக் கைத்திறன் என்னைவிட நன்றாக இருக்கும். தமிழ்நாட்டில் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடத்துகிறார்கள், 21 வயதும் ஐந்து வருட செய்முறை அனுபவமும் இருப்பவர்கள் எழுதலாம். அதன் அறிவிப்பு மாவட்டச் செய்தியில் ஒரு மூலையில் வந்து போய்விடுகிறது. பொள்ளாச்சியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் முகாம் போட்டு விண்ணப்பம் வாங்கினால் எத்தனை பேர் வருவார்கள் தெரியுமா? ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட்டை இன்னொரு மாநிலம் அங்கீகரித்துக்கொள்ள மத்திய விதிமுறையிலேயே இடம் இருக்கிறது. கேரள, தமிழக உரிம வாரியங்கள் இரண்டும் உட்கார்ந்து பேசி எல்லை ஊர்களில் வேலை செய்பவர்களுக்கு அதைச் சுலபமாக்கிக் கொடுத்தால், கையெழுத்தை வாடகைக்கு வாங்க வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும். கூடவே பாதுகாப்பு அறிவிப்புகளை எங்கள் பக்கம் தமிழிலும் ஒட்டச் சொல்லுங்கள், தமிழ் வழியில் படித்த பெரியவர்களுக்கு மலையாள எழுத்து ஓடாது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டுரையை மறுபடி வெளியிடும்போது, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் டி.பி. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று ஒரு பத்தியாவது சேர்த்துவிடுங்கள். ஒழுங்காக வயரிங் செய்த டி.பி. எப்படி இருக்கும், ஓரம் கட்டிய ஆர்.சி.சி.பி. எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம் போடுவதாக இருந்தால், படங்களை நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வயரிங் சூப்பர்வைசர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்