எஞ்சினுக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு

ஹட்டன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். கட்டாரில் உன் சுகத்துக்கு அம்மா வெள்ளி தவறாமல் மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, காரின் எஞ்சினை மாற்றவென்று நீ அனுப்பிய பணத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் எஞ்சினுக்குப் போனது என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நீ கோபப்படவில்லை, "மீதி எங்கே போனது அப்பா?" என்று மட்டும் கேட்டாய். அதைத் தொலைபேசியில் மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம்முடைய கார் 1981ஆம் ஆண்டு பென்ஸ் 240டி என்பது உனக்குத் தெரியும். அதிலிருந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் 2399 சிசி, 72 குதிரைவலு. அது கொழும்பில் ஓடும்போது உள்ள கணக்கு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றை அமுக்கிக் கொடுக்கும் டர்போ இல்லாத எஞ்சின் தானாக இழுத்துக்கொள்ளும் காற்றை நம்பித்தான் வேலை செய்கிறது. காற்றுக் குறைந்தால் வலுவும் அதே அளவுக்குக் குறைந்து, 72 அங்கே 60க்கு வந்து நிற்கும். பம்ப் மட்டும் பழைய அளவிலேயே டீசலை ஊற்றிக்கொண்டிருப்பதால், எரியாத டீசல் கரும்புகையாகப் போகும். நானுஓயாவைத் தாண்டி ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டதை நீயே பார்த்திருக்கிறாய். "நத்தை வண்டி" என்று உன் நண்பர்கள் சொன்னது எனக்கும் கேட்டதுதான்.

வேறு கார் வாங்கலாமே என்றும் ஒருமுறை கேட்டாய். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது வரியோடு சேர்த்து அவர்கள் சொல்லும் விலையை நாம் பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

நீ முதலில் சொன்னது ஜப்பான் வேனில் இருந்து கழற்றிய டர்போ எஞ்சினை. பல பேர் அப்படிச் செய்து ஓட்டுகிறார்கள், உதிரிப்பாகமும் மலிவு. ஆனால் அதற்கு எஞ்சின் தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டும், எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் முட்டும், கியர்பொக்ஸ் மாற வேண்டும், அதற்கேற்ப, கியர்பொக்ஸிலிருந்து பின்னால் போகும் நடுத்தண்டை வெட்டிக் குறுக்க வேண்டும். நாற்பது வருடம் முறுக்கத்தைத் தாங்கிய தண்டில் புதிதாக ஒரு வெல்டிங் விழுவதை நான் விரும்பவில்லை. அதனால் அதே வீட்டுப் பிள்ளையைத் தேடினேன். இந்த நான்கு சிலிண்டர் எஞ்சினோடு இன்னொரு சிலிண்டரைச் சேர்த்ததுதான் 300டியில் வந்த ஐந்து சிலிண்டர் எஞ்சின். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 90.9 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 92.4 மில்லிமீற்றர், ஒரு சிலிண்டர் கூடியதால் 2399 சிசி 2998 ஆனது. 1974இல் ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சினை முதன்முதலில் காரில் வைத்தது பென்ஸ் கம்பனிதான். அதன் டர்போ வகை 125 குதிரைவலு. இழுவிசை பழையதில் 137 நியூட்டன் மீற்றர், இதில் 250. டர்போ காற்றை அமுக்கிக் கொடுப்பதால் நுவரெலியாவிலும் அதற்கு மூச்சு வாங்காது. எனக்கு வேண்டியிருந்தது வேகம் இல்லை, அந்த மூச்சுதான்.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மூன்று நாள் அலைந்து ஒன்றைப் பிடித்தேன். வெளியே கழுவிப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். அப்படி இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பழைய டயர் ஒன்றின்மேல் எஞ்சினை உட்காரவைத்து, ஒரு பெற்றரியும் ஒரு கேன் டீசலும் கொடுத்து அங்கேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே துளையின்மேல் தலைகீழாக வைத்தேன். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்த எஞ்சினாக இருந்தால் உள்ளிருந்து வரும் காற்று மூடியைத் தூக்கி எறிந்துவிடும். இது கொதிக்கும் உலைமூடி போல் தளதளவென்று ஆடியதே தவிர விழவில்லை. அதன்பிறகு சூடாக இருக்கும்போதே ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளந்தேன்: 26, 27, 26, 25, 27 பார். நல்ல எஞ்சினுக்கு 24இல் இருந்து 30 வரை இருக்கலாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக்கூடாது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஐயா எந்தத் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை?" என்று கேட்டார். உன் தாத்தா தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் ஓட்டியவர் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விலையை இன்னும் கொஞ்சம் குறைத்திருப்பாரோ என்று பிறகு தோன்றியது.

எஞ்சினுக்கான செலவு அத்தோடு முடிந்தது. மீதிப் பணம் போனதைச் சொல்வதற்கு முன், உன்னிடம் மறைத்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்தை விமான நிலையத்துக்கு ஹயர் கொண்டுபோனேன். கினிகத்தேனையில் இருந்து கித்துல்கல நோக்கி இறங்கும்போது பிரேக் பெடல் திடீரென்று கல்லாக இறுகிவிட்டது. பெட்ரோல் காரில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியிலேயே, பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அந்த வழியை அடைக்கும் தகடு இல்லாததால், வெற்றிடத்துக்கென்று தனியாக ஒரு பம்ப் ஓடுகிறது. அந்தப் பம்பின் ரப்பர் திரை கிழிந்துவிட்டது. இரண்டு காலையும் பெடலில் ஊன்றி, இரண்டாம் கியருக்கு மாற்றி, வளைவு முடிந்த இடத்தில் ஒரு பழக்கடைக்கு முன்னால் நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன், எஞ்சின் நிற்கவில்லை. இந்தக் காரில் எஞ்சினை நிறுத்துவதும் அதே வெற்றிடம்தான். பொனட்டைத் திறந்து, எஞ்சின்மேல் உள்ள நிறுத்தும் பிடியைக் கையால் அழுத்தித்தான் நிறுத்தினேன். வந்தவர்கள் அன்னாசி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிழை முழுக்க என்னுடையது. அதற்கு முந்தின கிழமை முழுவதும், சாவியை எடுத்தபிறகும் எஞ்சின் நாலைந்து விநாடி இழுத்துக்கொண்டுதான் நின்றது. வெற்றிடம் குறைகிறது என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் மோதி ஏழு பேர் இறந்த செய்தியைப் பார்த்து நீ இரவிலேயே என்னை அழைத்து, "கவனமாக இறங்குங்கள்" என்று சொன்னாயே, நினைவிருக்கிறதா? நான் "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, பிறகு இப்படி நடந்துகொண்டேன்.

ஆகவே புதிய எஞ்சினில் நான் முதலில் மாற்றியது வெற்றிடப் பம்பை. அதன் பெயாரிங் உடைந்தால் உள்ளிருக்கும் குண்டுகள் டைமிங் சங்கிலிக்குள் விழுந்து எஞ்சினையே தின்றுவிடும் என்பதால் பழையதைத் திருத்திப் போடவில்லை, புதிதாகவே வாங்கினேன். பிறகு பூஸ்டர், நான்கு சக்கரத்துக்குமான ரப்பர் குழாய்கள், நான்கு டிஸ்க்குக்கும் புதுப் பாட். பிரேக் திரவத்தை முழுவதும் இறக்கிவிட்டு டொட் 4 என்ற ரகத் திரவத்தை ஊற்றினேன். அது புதிதாக இருக்கும்போது 230 பாகை வரை கொதிக்காது. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து, பழசானால் 155 பாகைக்கே இறங்கிவிடும். மழையும் பனியும் மாறாத நம் ஊரில் அது எவ்வளவு சீக்கிரம் குடிக்கும் என்று யோசித்துப் பார். நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்து ஆவியானால் பெடல் தரையோடு போய்விடும். நான் கழற்றியது தேநீர்ச் சாயத்தில் இருந்தது.

அடுத்தது ஃபிளைவீல், எஞ்சினின் சுழற்சியைச் சீராக்கும் கனத்த சக்கரம். பழைய கியர்பொக்ஸ் புதிய எஞ்சினோடு துளைக்குத் துளை பொருந்தியது, அதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நான்கு சிலிண்டரின் ஃபிளைவீலை அப்படியே ஐந்து சிலிண்டரில் பூட்ட முடியாது, சமநிலை வேறு. எங்கள் மெக்கானிக் பாஸ் "பூட்டிப் பார்ப்போம், அதிர்ந்தால் கழற்றுவோம்" என்றார். நான் சம்மதிக்காமல் கண்டியில் ஒரு லேத் வேலைத்தளத்துக்கு இரண்டையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன். எஞ்சினோடு வந்ததை மாதிரியாக வைத்து, நம்முடையதன் ஓரத்தில் சிறுவிரல் நுனி அளவு துளைகளாகப் போட்டுப் போட்டு, சுழலவிட்டுச் சுழலவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் முழுவதும் போனது. அதோடு பெரிய கிளட்ச், பெரிய ரேடியேட்டர், எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு ரேடியேட்டர், கூடுதல் பாரத்தைத் தாங்க முன் ஸ்பிரிங் இரண்டு. எண்ணெயும் இப்போது எட்டு லீற்றருக்குக் கிட்டக் குடிக்கிறது.

டிஃபரன்ஷலை மட்டும் மாற்றவில்லை. பின் சக்கரம் ஒருமுறை சுற்ற நடுத்தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பழையது 3.69, டர்போ கார்களில் கம்பனி போட்டது 3.07. நம்முடையதில் மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடினால் எஞ்சின் ஏறத்தாழ 3100 சுற்றுச் சுற்றும். அதை மாற்றினால் 2600 போதும், டீசலும் மிச்சமாகும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய காலத்தை மறக்காதவனுக்கு அது ஆசையான கணக்குத்தான். ஆனால் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் நான் எங்கே 100இல் ஓடப்போகிறேன்? ஏற்றத்துக்கும், இரண்டாம் கியரில் எஞ்சினாலேயே காரைப் பிடித்து இறக்குவதற்கும் 3.69தான் நல்லது.

பாஸ் இன்னொரு யோசனையும் சொன்னார். டீசல் பம்பின்மேல் ஒரு சிறிய டப்பா இருக்கிறது. காற்றின் அழுத்தத்தைப் பார்த்து டீசலை அளவோடு விடுவது அது. அதைத் திருகிவிட்டால் இன்னும் பத்துப் பதினைந்து குதிரைவலு வரும் என்றார். வரும்தான். கூடவே ஏற்றத்தில் புகையும், டர்போவுக்குள் போகும் வெப்பமும் வரும். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனையும் வரும். தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக வால்வு இடைவெளி. அதை வேறு ஒருவரிடமும் விடவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், நம் ஊரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதற்குக் குறைவில்லை. மூடுபனி கராஜுக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மா டோர்ச் பிடித்தாள். உள்ளே காற்று வருவதற்கு 0.10 மில்லிமீற்றர், புகை போவதற்கு 0.35, மொத்தம் பத்து வால்வுகள். இடைவெளிக்குள் விடும் அளவுத் தகடு சற்று உரசிக்கொண்டு, ஆனால் முட்டாமல் வர வேண்டும். அந்த உரசலைக் கையால் உணர வேண்டுமே தவிர கண்ணால் பார்க்க முடியாது. ஏழாவது வால்வில் என் விரல் மரத்துப்போனது. அம்மா டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கையைத் தேய்த்துவிட்டாள். "உங்கள் மகன் குளிரூட்டி அறையில் இருந்து பணம் அனுப்புகிறான், நீங்கள் இங்கே விறைத்துச் சாகிறீர்கள்" என்றாள்.

கார் இப்போது ஓடுகிறது. போன கிழமை ஐந்து பேரை ஏற்றி நுவரெலியா போனேன். நானுஓயா ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே போனது, கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், புகை இல்லை. ஏறி முடிந்ததும் உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் நிறுத்துகிறேன். சுடச்சுட நிறுத்தினால் டர்போவுக்குள் நிற்கும் எண்ணெய் கருகிப்போகும். எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் மாறியதால், கடைப் பற்றுச்சீட்டோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்; காப்புறுதிக்கும் எழுதியாயிற்று. பற்றுச்சீட்டுகளின் படம் எல்லாவற்றையும் தங்கச்சி உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

நீ அனுப்பியதில் கொஞ்சம் மீதி இருக்கிறது, அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். முன் டயர் இரண்டும் இன்னும் ஆறு மாதம் தாங்கும். ஆனாலும் மழைக்காலத்துக்கு முன் அந்தப் பணத்தில் மாற்றிவிடலாமா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா